அவன் கத்தினானா?

இல்லம்மா, மழுப்பல. நீ கேட்டது காதுல விழுந்துச்சு. உங்கப்பன் கேக்குற அந்த அவன் நான்தான். அன்னிக்கு மேட்ச்ல நான் கத்தினேனா, கத்தலையா. அதானே? அதுக்குத்தான் ரெண்டு பஸ் மாறி வந்திருக்க. பதில் சொல்லாம உன்னை அனுப்ப மாட்டேன், பயப்படாத. ஆனா இந்தப் பந்துங்களுக்குக் காத்து அடிச்சுக்கிட்டே சொல்றேனே. அஞ்சு மணிக்குப் பசங்க விளையாட வந்துடுவாங்க, அதுக்குள்ள நாப்பது பந்து வெளிய போகணும். அதுவும் இல்லாம, கை சும்மா இருந்தா எனக்குப் பேச்சு வராது. பழகிப் போச்சு.

அந்தக் கூடையைக் கவுத்துப் போட்டு உக்காரு. நாற்காலி ஒண்ணு இருந்துச்சு, நீச்சல் குளத்துக்காரன் ஒரு நாளைக்குன்னு கேட்டு வாங்கிட்டுப் போனான், வருஷம் ஒண்ணு ஆச்சு. ரப்பர் வாடை அடிக்கும், பொறுத்துக்க. கேலரிக்குக் கீழ இருக்கிற ரூம் இல்லையா, ஜன்னல் கிடையாது. மேல யாராவது நடந்தா தலைல நடக்கிற மாதிரியே இருக்கும். எனக்கு என்ன, சாமான் கொடுக்கணும், வாங்கணும், எண்ணி அடுக்கணும். கோல்கீப்பரா இருந்தவனுக்கு ஸ்டோர்கீப்பர் வேலை. கேட்டா மரியாதையாத்தான் இருக்கு.

வாசல்ல நின்னப்பவே எனக்குத் தெரிஞ்சுடுச்சு நீ யாருன்னு. நெத்தி காட்டிக் கொடுத்துடுச்சு. அது உங்கப்பன் நெத்தி. அவன்னு சொல்றேன், தப்பா எடுத்துக்காத. அவனை நான் அவருன்னு சொன்னா அவனே சிரிப்பான். நீ அப்ப இவ்ளோ உயரம்தான். நாலு வயசு. என்னைச் சித்தப்பான்னு கூப்பிடுவ. என் கிளவுஸை எடுத்துக் கால்ல மாட்டிக்கிட்டு வீடு பூரா நடப்ப. ஞாபகம் இல்லையா. சரி, இருக்காதுதான்.

அப்ப, உங்கப்பனுக்கு உன் பேரும் மறந்துடுச்சுங்கிற. அவன் தங்கச்சி பேரைச் சொல்லித்தான் உன்னைக் கூப்பிடுறானா. ம். சாப்பிட்டது மறக்குது, பாத்ரூம் எந்தப் பக்கம்னு மறக்குது, ஆனா மத்தியானம் மூணு மணி ஆனா ஷூ எடுத்து லேஸ் கட்டிக்கிட்டு உக்காந்து, அவன் கத்தினானா, அவன் கத்தினானான்னு கேக்குறான். தினமும். எத்தனை மாசமா? எட்டு மாசமா. அந்த மேட்ச் மூணு மணிக்குத்தான் ஆரம்பிச்சுது. அது உனக்குத் தெரியாதுல்ல? அவனுக்கு இன்னும் மணி மறக்கல பாரு.

டாக்டர் என்ன சொல்றாரு? தலைல பந்து முட்டி முட்டி வந்ததா இருக்கலாம்னா? இருக்கும். அந்தக் காலத்துப் பந்து மழைல நனைஞ்சா செங்கல் கணக்கா ஆயிடும். அதை ஒரு நாளைக்கு நூறு தடவை முட்டுவான். நான் சொல்வேன், கொஞ்சம் விட்டுக் கொடுடா, பின்னாடி நான் எதுக்கு நிக்கிறேன்னு. நீ கையைப் பத்திரமா வெச்சுக்க, தலை என்கிட்ட சும்மாத்தான் இருக்குதும்பான். அப்படி ஒரு ஆளு.

என் கதைல என்னம்மா இருக்கு. நீ கேட்டதால சொல்றேன். இருபது வருஷம் காசு வாங்கிக்கிட்டு ஆடினேன். சின்ன வயசுல நான் நெட்டையா இருந்தேன், ஓட வராது. ஓட வராதவனைத்தானே கோல்ல நிறுத்துவாங்க. யாரும் ஆசைப்பட்டு அந்த இடத்துக்கு வர்றதில்ல, அப்புறம் இறங்கவும் முடியுறதில்ல. பத்தொம்போது வயசுல முதல் கிளப். இருபத்தி நாலுல உங்கப்பன் இருந்த கிளப்புக்கு வந்தேன். வந்து ஆறு வருஷம் பெஞ்சுல உக்காந்தேன்.

சிரிக்காத. ஆறு வருஷம்னா ஆறு வருஷம். மத்தவன் எல்லாம் பெஞ்சுல உக்காந்தா, பாதி ஆட்டத்துல யாராவது மூச்சு வாங்கினா உள்ள போயிடலாம். கோல்கீப்பர் அப்படி இல்ல. இருக்கிற கோல்கீப்பருக்குக் கை உடையணும், இல்லேன்னா அவன் ஒழியணும். ஒரு மனுஷன் கை உடையட்டும்னு ஆறு வருஷம் வேண்டிக்கிட்டு, தினமும் காலைல அவனுக்கே பந்து அடிச்சுக் கொடுத்து, நல்லா புடிச்சீங்கண்ணேன்னு சொல்லணும். என் சம்சாரம் சொல்லுவா, உங்க வேலையும் ஒரு வேலையா, கோயில் வாசல்ல செருப்பு பாத்துக்கிறவன் கூட உங்களைவிட அதிகமா எழுந்து நிக்கிறான்னு. உண்மைதானே, என்னத்தைச் சொல்ல.

ஏழாவது வருஷம் அந்த அண்ணன் மாடிப்படில வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைச்சுக்கிட்டாரு. ஆஸ்பத்திரிக்கு ஆப்பிள் வாங்கிக்கிட்டுப் போய்ப் பாத்தேன். அழுதேன். அந்த அழுகைல எவ்ளோ அவருக்கு, எவ்ளோ எனக்குன்னு கேட்டா, இப்பவும் பிரிச்சுச் சொல்லத் தெரியல.

இந்தக் கையைப் பாரு. சுண்டு விரல் வெளிப்பக்கமா திரும்பி நிக்குதுல்ல, இது மூணு தடவை ஒடைஞ்சுது. இந்த மோதிர விரல் மடங்காது. டம்ளர் புடிச்சா வீட்டுக்கு வந்தவங்க, ஏதோ நாகரிகமாப் புடிக்கிறாரு மனுஷன்னு நெனைச்சுக்குவாங்க. முட்டி ரெண்டும் மாத்தியாச்சு. தோள்பட்டை மழை வர்றதுக்கு முன்னாடி சொல்லிடும். இதுல எனக்குப் புகார் ஒண்ணும் இல்ல. விழுறதுதான் வேலை, விழுந்தேன். ஆனா இதெல்லாம் கோல்கீப்பருக்கு ரெண்டாம்பட்சம்மா. கையோ, காலோ, உயரமோ, எல்லாமே ரெண்டாம்பட்சம். முதல்ல தொண்டை வேணும்.

ஆமா, தொண்டைதான். வெளிய இருந்து பாக்கிறவங்களுக்கு அது தெரியாது. எங்க முன்னாடி இருக்கிற பத்துப் பேருக்கும் முதுகுல கண்ணு கிடையாது. முழு மைதானமும் எங்களுக்கு மட்டும்தான் தெரியும். அதனால தொண்ணூறு நிமிஷமும் வாய் ஓயாது. இடது பக்கம் வா, ஒருத்தன் பின்னாடி இருக்கான், ஏறு, எறங்கு, விடு, எடு. பந்து மேல வர்றப்ப, என்னுதுன்னு ஒரு கத்து கத்தினா, முன்னாடி நிக்கிறவன் ராஜாவா இருந்தாலும் ஒதுங்கணும். கத்தலேன்னா அவன் எடுக்கணும். இதுல நடுவுல ஒண்ணும் கிடையாது. எங்க கோச் சொல்லுவாரு, கத்தாத கோல்கீப்பரும் ஒண்ணுதான், கம்பத்துல மாட்டின சட்டையும் ஒண்ணுதான்னு. எனக்கு அந்தப் பழக்கம் வீடு வரைக்கும் வந்துச்சு. மார்க்கெட்ல ஒரு தடவை யாரோ கைல இருந்து தர்பூசணி நழுவுது, நான், விடு, என்னுதுன்னு கத்திக்கிட்டு பாஞ்சுட்டேன். புடிச்சுட்டேன், அது வேற விஷயம். என் சம்சாரம் அந்தப் பக்கம் ஒரு மாசம் வரல.

உங்கப்பன் ஸ்டாப்பர். அதாவது எனக்கு நேர் முன்னாடி நிக்கிறவன். நான் பெஞ்சுல இருந்தப்பவே பழக்கம். வெளியூர் மேட்சுன்னா ஒரே ரூம். அவன் குறட்டை எனக்கு, என் வாய் அவனுக்கு. செவுருன்னு கூப்பிடுவாங்க அவனை, தெரியும்ல. அவன் மேல பட்டா பந்து திரும்பிடும், அதனால செவுரு. அந்த மேட்சுக்கு அப்புறம் ஒரு எழுத்தை மாத்திட்டாங்க.

ஓ, உன் ஸ்கூல் வரைக்கும் வந்துச்சா? செவுடன் பொண்ணுன்னு.

எத்தனை வயசுல? ம். எட்டாவது வரைக்குமா. அது எனக்குத் தெரியாதும்மா. சத்தியமாத் தெரியாது. தெரிஞ்சிருந்தா என்ன பண்ணியிருப்பேன்னு கேக்காத, ஒண்ணும் பண்ணியிருக்க மாட்டேன். அந்த வெக்கம் எனக்கு இருக்கு.

அந்தப் பந்தைக் கொஞ்சம் இப்படி உருட்டி விடு. ஊசியை எச்சில் பண்ணிட்டுத்தான் விடணும், இல்லேன்னா பந்தோட வாய் கிழிஞ்சுடும். அருவருப்பா இருந்தா அந்தப் பக்கம் பாரு.

மேட்ச் எப்படி நடந்துச்சுன்னு பேப்பர்ல படிச்சிருப்ப. வீட்ல அந்த கட்டிங் இருக்கா? கிழிச்சுட்டாங்களா, உங்கம்மா. நல்ல காரியம் பண்ணாங்க. எங்க கிளப் முப்பது வருஷத்துல வந்த ஒரே ஃபைனல். நான் கோல்ல நின்ன முதல் வருஷம். எனக்கு முப்பத்தியொண்ணு, அவனுக்கு முப்பத்தி மூணு. பொடி மழை. கேலரி நிரம்பி மேல கூரைல எல்லாம் ஆளு. எழுபது நிமிஷம் ரெண்டு பக்கமும் ஒண்ணும் விழல. எழுபத்தி ஒண்ணாவது நிமிஷம் அவங்க பக்கத்துல இருந்து ஒருத்தன் சும்மா தூக்கி அடிச்சான். குறி பாத்து அடிச்சது கூட இல்ல. பந்து உங்கப்பன் தலைக்கு மேல போய், அவனுக்கும் எனக்கும் நடுவுல விழுது. அவன் பந்தைப் பாத்துக்கிட்டே பின்பக்கமா ஓடி வர்றான். அவங்க ஃபார்வர்டு ஒருத்தன் அவன் தோள்ல ஒட்டிக்கிட்டு ஓடி வர்றான். திரும்பி என்னைப் பாக்க அவனுக்கு நேரம் இல்ல. நான் கோலை விட்டு வெளிய வந்துட்டேன். அது என் பந்து. கண்ணை மூடிக்கிட்டுப் புடிக்கலாம். அவன் ஒதுங்கல. எகிறி முட்டினான். பந்து என் தலைக்கு மேல போச்சு. பின்னாடி யாரும் இல்ல, வெறும் கோல். ரெண்டு தடவை குதிச்சு, மெதுவா, உள்ள போச்சு. சேம் சைடு கோல்.

அதோட ஒண்ணுக்கு சைபர். முடிஞ்சுது.

டிரெஸ்ஸிங் ரூம்ல கோச் கதவைச் சாத்தினாரு. எல்லாரும் தலையைத் தொங்கப் போட்டு உக்காந்திருக்கோம், ஷூல இருந்து தண்ணி சொட்டுது. அவர் முதல்ல ஒண்ணுதான் கேட்டாரு, அது யாரு பந்துன்னு. உங்கப்பன் எழுந்து நின்னான். அவன் கத்தினான் சார், எனக்குத்தான் கேக்கலன்னான். கோச் என்னைப் பாத்தாரு. நான் தலையை ஆட்டினேன். அவ்ளோதான் நான் பண்ணது, தலையை ஆட்டினது. மறுநாள் பேப்பர்காரங்க வந்தாங்க. எனக்குத் தொண்டை சுத்தமாக் கட்டிப் போச்சு, காத்துதான் வருது. கத்திக் கத்தியே குரலை இழந்த கோல்கீப்பர்னு எழுதினாங்க. பக்கத்துலேயே உங்கப்பன் போட்டோ. கேக்காத காதுன்னு தலைப்பு.

அதுக்கு அப்புறம் நடந்தது உனக்கே தெரியும். கிளப்ல அவனைக் காது டாக்டர்கிட்ட அனுப்பினாங்க. தலைல ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டா கையைத் தூக்குன்னு சொல்வாங்களே, அந்த டெஸ்டு. ரெண்டு காதும் கண்ணாடி மாதிரி இருக்குன்னு ரிப்போர்ட் வந்துச்சு. வராம இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும். காது கேக்காதவன்னா பாவம்னு விட்டிருப்பாங்க. கேட்டும் ஒதுங்கலன்னா அது திமிர்தானேன்னு பேச ஆரம்பிச்சாங்க. அந்த சீசன் முடிஞ்சதும் ஒப்பந்தம் இல்லன்னுட்டாங்க. வேற எந்தக் கிளப்பும் தொடல. கிடங்குல மூட்டை தூக்குற வேலைக்குப் போனான்னு கேள்விப்பட்டேன். அங்கேயும் பேரைச் சொல்லிக் கூப்பிடாம, காதுகிட்ட வந்து கத்துவாங்களாம். விளையாட்டுக்குத்தானாம்.

எனக்கா? எனக்கு நல்லதுதான் நடந்துச்சு. பெரிய கிளப் ஒண்ணு அந்த மாசமே ஆள் அனுப்புச்சு. இன்னும் எட்டு வருஷம் ஆடினேன். முப்பத்தி ஒம்போதுல கடைசி மேட்ச், ரெண்டு கோல் விட்டேன், நாலு பேர் கை குலுக்கினாங்க, ஒருத்தர் ஒரு கடிகாரம் கொடுத்தாரு, அது ஓடல. வீட்டுக்கு வந்து படுத்தேன். அப்பாடான்னு இருந்துச்சு. ரொம்பக் களைச்சுப் போயிருந்தேன்மா. இருபது வருஷம் விழுந்த களைப்பைவிட, இந்த ஒரு விஷயத்தைத் தூக்கிக்கிட்டு நின்ன களைப்பு அதிகம்.

ஆமா, உங்க வீட்டுக்கு வர்றதை நிறுத்திட்டேன். முதல்ல வாரா வாரம் வந்தேன். உங்கப்பன் பழைய மாதிரியே பேசுவான். அதைத்தான் என்னால தாங்க முடியல. திட்டியிருந்தா வந்திருப்பேன். அப்புறம் மாசத்துக்கு ஒண்ணு, அப்புறம் போன், அப்புறம் அதுவும் இல்ல. போன் நம்பர் மாறிப் போச்சுன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். மாறல. இன்னிக்கு வரைக்கும் அதே நம்பர்தான். நீ அதுல வீட்டுக்குப் பேசித்தானே இந்த இடத்தைத் தெரிஞ்சுக்கிட்ட.

சரி. நீ இப்ப ஒண்ணு சொல்லு. அவன் கேக்குறான்ல, கத்தினானான்னு. நீ ஆமான்னு சொன்னா என்ன பண்றான்?

தலையை ஆட்டிட்டு உக்காந்துக்கிறான். பத்து நிமிஷம் கழிச்சு மறுபடியும் கேக்குறான். ம். இல்ல, கத்தலன்னு எப்பவாவது சொல்லிப் பாத்தியா?

ரெண்டு தடவையா. கோவப்பட்டானா?

என்னது?

இன்னொரு தடவை சொல்லும்மா. வாயைப் பொத்துறானா? உன் வாயையா? எழுந்து வந்து, உன் வாயைப் பொத்திட்டு, ஜன்னல் பக்கம், கதவுப் பக்கம் எல்லாம் பாக்குறான். யாராவது கேட்டுடப் போறாங்கன்னு. அப்புறம் உன் காதுகிட்ட வந்து, கத்தினான்னே சொல்லுன்னு மெதுவாச் சொல்றான்.

இரு. ஒரு நிமிஷம் இரும்மா.

இல்ல, நெஞ்சுவலி எல்லாம் இல்ல. தண்ணி வேணாம். பம்ப் கைல இருந்து நழுவிடுச்சு, அவ்ளோதான். இந்த விரல்ல புடி நிக்காது, சொன்னேன்ல. அந்தப் பந்தை விடு, காத்து போனாப் போகட்டும். அஞ்சு மணியாவது ஒண்ணாவது.

நீ இதைச் சொல்லாம இருந்திருந்தா, ஆமான்னே சொல்லிடும்மா, மனுஷன் நிம்மதியா இருக்கட்டும்னு சொல்லி உன்னை அனுப்பியிருப்பேன். அதுக்குத்தான் இவ்ளோ நேரம் சுத்தி வளைச்சுக்கிட்டு இருந்தேன். இப்ப முடியாது. பேர் மறந்துடுச்சு, பொண்ணை மறந்துடுச்சு, என்னைக் காப்பாத்துறது மட்டும் மறக்கல அவனுக்கு.

நான் கத்தலம்மா. எனக்கு அன்னிக்குக் குரலே இல்ல.

மேட்சுக்கு அப்புறம் போன குரல் இல்ல அது. அன்னிக்குக் காலைலேயே இல்ல. மூணு நாள் முன்னாடி மழைல பயிற்சி, ஜுரம் வந்துச்சு, ஜுரம் போச்சு, தொண்டை அடைச்சுக்கிச்சு. காலைல எழுந்து உங்கப்பனைக் கூப்பிடுறேன், வாய் தெறக்குது, காத்து வருது. அவன் எழுந்து உக்காந்து பாத்தான். கீழ போய் வெந்நீர் வாங்கிட்டு வந்தான், உப்பு போட்டுக் கொப்பளிக்கச் சொன்னான். மூணு தடவை போய் வாங்கிட்டு வந்தான். ஒண்ணும் நடக்கல. கோச்கிட்ட சொல்லிடுவோம்டான்னான். எங்ககிட்ட இன்னொரு கோல்கீப்பர் இருந்தான், ஒட்டடைக்கம்புன்னு கூப்பிடுவோம், இருபத்தி ரெண்டு வயசு, நல்லா ஆடுவான். அவனை இறக்கியிருப்பாங்க. இறக்கியிருக்கணும். நான் பேப்பர் ஓரத்துல எழுதிக் காட்டினேன், ஆறு வருஷம்னு. அவ்ளோதான் எழுதினேன். உங்கப்பன் அதைப் பாத்துக்கிட்டே கட்டில்ல உக்காந்திருந்தான். என் சம்சாரத்துக்கு அப்ப ஏழாவது மாசம், அதுவும் அவனுக்குத் தெரியும். அப்புறம் சொன்னான், சரி, கத்த வேணாம், கை தட்டு. ரெண்டு தட்டு தட்டினா உன் பந்து, நான் விட்டுடுறேன். தட்டலேன்னா என் பந்து.

ரூம்ல பழகிப் பாத்தோம். அவன் எனக்கு முதுகைக் காட்டிக்கிட்டு ஜன்னல் பக்கம் நின்னான். நான் தட்டினேன். சின்ன ரூம், பட்டாசு மாதிரி கேட்டுச்சு. விட்டேன்னான். தட்டாம நின்னேன். எடுத்தேன்னான். பத்து தடவை, இருபது தடவை. ஒரு தடவை கூடத் தப்பல. ரெண்டு பேரும் சிரிச்சோம், பெரிய மூளைக்காரங்க நாமன்னு.

எந்த மடையனாவது இப்படிப் பண்ணுவானாம்மா? பன்னெண்டு வருஷமா அந்த கிளவுஸை மாட்டிக்கிட்டுத் திரிஞ்சவன் நான். உள்ள பஞ்சு, வெளிய ரப்பர். ரூம்ல வெறுங்கையாத் தட்டினப்ப அதை யோசிக்கவே இல்ல. மைதானத்துல தட்டிப் பாத்தா கோச் என்னன்னு கேப்பாருன்னு அங்கேயும் தட்டிப் பாக்கல. எழுபது நிமிஷம் அப்படி ஒரு பந்து வரவும் இல்ல. கேலரி இரைச்சல்ல நான் வாயை மட்டும் அசைச்சதை வேற யாரும் கண்டுக்கல. உங்கப்பன் ஒவ்வொரு தடவையும் திரும்பித் திரும்பி என்னைப் பாத்துக்கிட்டே சமாளிச்சான். அந்த ஒண்ணுக்குத்தான் திரும்ப முடியல.

டிரெஸ்ஸிங் ரூம்ல அவன் எழுந்து நின்னு அப்படிச் சொல்வான்னு எனக்குத் தெரியாது. கோச் என் வாயைப் பாக்குறாரு, வாய் தெறந்தா காத்துதான் வருது. பாருங்கடா, தொண்டை கிழியக் கத்தியிருக்கான், உனக்கு மட்டும் கேக்கலையான்னு அவனைத்தான் கேட்டாரு. என் பொய்க்கு என் தொண்டையே சாட்சி சொல்லிடுச்சு. அப்புறம் பாத்ரூம்ல வந்து என் தோள்ல கை போட்டுச் சொன்னான், ஒரு வாரம் திட்டுவாங்கடா, போயிடும், நீ வாயைத் தெறக்காத. நாலாம் நாள் எனக்குக் குரல் வந்துச்சு. சொல்லிடலாம்னு கோச் வீடு வரைக்கும் போனேன். பெரிய கிளப்ல இருந்து ஆள் வந்து அங்க உக்காந்திருந்தாரு. அவரைப் பாத்துட்டு, கோச்சுக்கு வணக்கம் சொல்லிட்டு வந்துட்டேன். இருபத்தி எட்டு வருஷம் ஆச்சு. கோச் செத்தே பதினோரு வருஷம் ஆச்சு. யாருகிட்ட இருந்து இன்னும் மறைக்கிறான் உங்கப்பன்?

அழுவாத. அழுதாலும் சரிதான், திட்டினாலும் சரிதான். என்னைச் சித்தப்பான்னு கூப்பிட வேணாம்.

இல்ல, வர்றேன். நீ கூப்பிடலேன்னாலும் இன்னிக்கு வந்திருப்பேன். சாவியை ஆபீஸ்ல இருக்கிற மேடம்கிட்ட கொடுத்துட்டு வர்றேன், பஸ்ல பேசிக்கலாம். என்னை அவனுக்கு அடையாளம் தெரியாமப் போகலாம். போகட்டும். கத்தினானான்னு கேட்டா, கத்தலன்னு நானே சொல்றேன். வாயைப் பொத்தினா என் வாயைப் பொத்தட்டும். பொத்தி முடிச்சதும் கை தட்டினேன்னு சொல்றேன். அவனுக்கு அதுதான் தெரியணும். நான் தட்டாம விட்டுட்டேனா, இல்ல தட்டியும் அவன் காதுலதான் விழலையான்னு அவன் என்னை ஒரு தடவை கூடக் கேட்டதில்ல. கேட்டா நான் கஷ்டப்படுவேன்னு கேக்காமலே இருந்துட்டான்.

என்ன கேட்ட? நிஜமாவே தட்டினேனா, இல்ல இப்ப அவனுக்காகச் சொல்றேனான்னா?

கேக்க வேண்டிய கேள்விதான். தட்டினேன்மா. ரெண்டு தடவை, பலம் கொண்ட மட்டும் தட்டினேன். எனக்கே கேக்கல.